கருப்பு-வெள்ளைப் பிரிண்ட்டில் ஐசிசி புரொஃபைல் எங்கே உதவும், எங்கே உதவாது?

கேள்வி இது: எப்சன் பி900 பிரிண்டரில், மேட் காட்டன் பேப்பரில் கருப்பு-வெள்ளைப் படம் அடிக்கிறேன். திரையில் நிழலுக்குள் இருக்கும் துணி மடிப்பு வரை தெரிகிறது. பேப்பரில் கரி பூசியது போல அப்பிக்கொள்கிறது. பேப்பர் கம்பெனி தரும் புரொஃபைலைப் போட்டால் டோன் பரவாயில்லை, ஆனால் லேசாகப் பச்சை அடிக்கிறது. டிரைவரில் இருக்கும் கருப்பு-வெள்ளை முறையில் அடித்தால் பச்சை போய்விடுகிறது, படம் இருட்டிவிடுகிறது. அங்கே புரொஃபைல் தேர்ந்தெடுக்கவே இடமில்லை. என்ன செய்வது?

ஐசிசி புரொஃபைல் என்பது ஒரு பிரிண்டரும் பேப்பரும் கோப்பின் எண்களை எப்படிக் காட்டும் என்று அளந்து எழுதிய கோப்பு. கருப்பு-வெள்ளைப் பிரிண்ட்டில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு இடமும் எவ்வளவு கருமை என்பது ஒன்று, அதுதான் டோன். அந்தக் கருமை எந்தச் சாயலில் இருக்கிறது என்பது இன்னொன்று. நிறப் புரொஃபைல் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் பார்த்துச் சாயலில் சறுக்குகிறது. டிரைவரின் கருப்பு-வெள்ளை முறை சாயலை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, டோனை உங்களிடம் விட்டுவிடுகிறது. எனவே சாயலை டிரைவரிடமே விடுங்கள். டோனுக்கு மட்டும் உங்கள் பிரிண்டர், உங்கள் பேப்பர் இரண்டையும் அளந்து ஒரு கிரே புரொஃபைல் செய்துகொள்ளுங்கள். வெள்ளையிலிருந்து கருப்பு வரை 21 கட்டங்களை அடித்து அளந்தால் போதும். பெயர்தான் கலர் புரொஃபைல். இந்த இடத்தில் அது வெறும் டோன் கணக்குப் புத்தகம்.

அதற்கு முன் திரையைப் பாருங்கள். பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகாரில் பெரும்பகுதி திரை அதிக வெளிச்சமாக இருப்பதால் வருவது. புதிய திரைகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 250, 300 நிட் வெளிச்சத்தில் இருக்கும். பிரிண்ட் வேலைக்கு 80 முதல் 100 நிட் போதும். ஒரு வெற்றுப் பேப்பரை, பிரிண்ட்டைப் பார்க்கும் அதே விளக்கின் கீழ், திரையின் வெள்ளைப் பரப்புக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குப் போலவும் பேப்பர் அழுக்குப் போலவும் தெரிந்தால் திரையைக் குறையுங்கள். இதைச் செய்யாமல் புரொஃபைல் செய்வது, கோணல் தராசை வைத்துக்கொண்டு எடைக்கல்லைத் துல்லியமாக்குவது போலத்தான்.

இனி பச்சை ஏன் வருகிறது என்று பார்ப்போம். நிறப் புரொஃபைல் வழியாக அடிக்கும்போது டிரைவர் சாம்பல் நிறத்தைக் கருப்பு, கிரே, லைட் கிரே இங்க்குகளால் மட்டும் கட்டுவதில்லை. சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கணிசமாகக் கலந்துதான் கட்டுகிறது. அந்த மூன்றின் சமநிலை நூலிழை பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். நிறப்படத்தில் யாரும் கவனிக்காத பிழை, கருப்பு-வெள்ளையில் பளிச்சென்று நிற்கும். பேப்பர் கம்பெனி அளந்தது அவர்களிடம் இருந்த ஒரு பிரிண்டரை. உங்கள் பிரிண்டர் அதிலிருந்து சற்று விலகியிருக்கும். கூடவே இன்னொரு தொல்லை: நிற இங்க்குகளால் கட்டிய சாம்பல், ஜன்னல் வெளிச்சத்தில் நடுநிலையாகவும் பல்பு வெளிச்சத்தில் வேறு சாயலாகவும் தெரியும்.

2005-இல் எப்சன் மூன்று அடர்த்திகளில் கருப்பு வைத்த கே3 இங்க்குகளைக் கொண்டுவந்தபோது கூடவே வந்ததுதான் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் முறை. சுருக்கமாக ஏபிடபிள்யூ. இதில் படம் பெரும்பாலும் கருப்பு, சாம்பல் இங்க்குகளாலேயே கட்டப்படுகிறது. சாயலைத் திருத்த நிற இங்க் சிட்டிகை அளவுதான் சேர்கிறது. அதனால் வெளிச்சம் மாறினாலும் சாயல் அவ்வளவாக மாறாது. கேனன் ப்ரோ வரிசையிலும் இதே போன்ற கருப்பு-வெள்ளை முறை உண்டு. கீழே சொல்வது அதற்கும் பொருந்தும்.

நிழல் அப்பிக்கொள்வதற்குக் காரணம் வேறு. மேட் பேப்பரின் ஆழ்ந்த கருப்பு அடர்த்தி 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். லேப் என்ற நிற அளவுமுறையில் சொன்னால் எல் மதிப்பு (0 கருப்பு, 100 வெள்ளை) 16, 17. பளபளப்பான பரைட்டா பேப்பரில் அடர்த்தி 2.3-ஐத் தாண்டும், எல் 4 வரை இறங்கும். திரையிலோ கோப்பிலோ எல் 0 வரை இருக்கிறது. அந்த 0 முதல் 17 வரை உள்ள டோன்களுக்கு மேட் பேப்பரில் இடமே இல்லை. அவற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் புரொஃபைலின் முக்கிய வேலை.

ஃபோட்டோஷாப்பில் பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன் என்ற டிக்கை எடுத்துவிட்டு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்ற மாற்றும் முறையில் மாற்றிப் பாருங்கள், விஷயம் புரியும். காமா 2.2 (எண்ணை வெளிச்சமாக மாற்றும் வளைவு) வைத்த கிரே கோப்பில் 0 முதல் ஏறத்தாழ 46 வரை உள்ள எண்கள் அத்தனையும் ஒரே கருப்பாகிவிடும். 256 படிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். டிக் இருந்தால் மொத்த நிழல் பகுதியும் சுருங்கி, பேப்பரின் கருப்புக்கு மேலே வரிசையாக உட்காரும். மேட் பேப்பருக்கு இந்த டிக் கட்டாயம். ரிலேட்டிவா பெர்செப்சுவலா என்பதில் இங்கே அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். ஒற்றை வளைவு மட்டும் உள்ள எளிய கிரே புரொஃபைலில் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். அப்சல்யூட்டை மட்டும் தொடாதீர்கள். அது பேப்பரின் வெள்ளையையும் ஒரு நிறமாக எண்ணித் திருத்தப் பார்க்கும்.

இன்னொரு பொறி கிரே வொர்க்கிங் ஸ்பேஸ், அதாவது கிரே எண் ஒவ்வொன்றும் எவ்வளவு கருமை என்று சொல்லும் அமைப்பு. ஃபோட்டோஷாப்பின் வழக்கமான வட அமெரிக்க அமைப்பில் கிரேவுக்கு டாட் கெயின் 20% (அச்சில் இங்க் பரவுவதைக் கணக்கில் எடுக்கும் வளைவு) இருக்கும். படத்தை கிரேஸ்கேல் ஆக்கியதும் அது அந்த ஸ்பேஸுக்குப் போய்விடும். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் திரைக்கு மாற்றும்போது கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் காமா 2.2-இல் 128 என்று இருக்கும் அதே டோனுக்கு டாட் கெயின் 20%-இல் எண் ஏறத்தாழ 106. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளும் வழியில் அடித்தால் படம் முழுவதும் இருட்டும். கலர் செட்டிங்ஸில் கிரேவை காமா 2.2 என்று மாற்றி வையுங்கள். ஏற்கெனவே டாட் கெயினில் இருக்கும் கோப்புகளைக் கன்வர்ட் செய்யுங்கள், அசைன் செய்யாதீர்கள். கன்வர்ட் என்றால் தோற்றம் நிற்கும், எண் மாறும். அசைன் என்றால் எண் நிற்கும், தோற்றம் மாறும். இந்த வித்தியாசம் கீழே மறுபடியும் தேவைப்படும்.

இனி அளப்பதற்கான சார்ட். காமா 2.2 கிரேயில், 16 பிட்டில் ஒரு கோப்பு திறந்து 21 கட்டங்கள் போடுங்கள்: 0% கருப்பு, 5%, 10% என்று 100% வரை. கட்டம் ஒவ்வொன்றும் 12 முதல் 15 மில்லிமீட்டர் இருந்தால் எந்த அளவுமானியும் வசதியாக உட்காரும். பிரிண்ட் விண்டோவில் நிறத்தைப் பிரிண்டரே கவனிக்கும்படி விடுங்கள். டிரைவரில் உங்கள் பேப்பருக்கான மீடியா வகை, ஏபிடபிள்யூ முறை, நியூட்ரல் சாயல். டோன் என்ற இடத்தில் பல எப்சன் மாடல்களில் டிரைவர் தானாகவே 'டார்க்கர்' வைத்திருக்கும். உங்கள் படம் இருட்டியதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். 'நார்மல்' வையுங்கள். பிரிண்ட் தரம், ஹை ஸ்பீட், இங்க் அடர்த்தி எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டு, இந்தத் தொகுப்பை ஒரு பெயரில் டிரைவரிலேயே சேமியுங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும் நீங்கள் செய்யும் புரொஃபைல் வேறொரு பிரிண்டருக்கானது ஆகிவிடும்.

அடிப்பதற்கு முன் நாசில் செக், அதாவது இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்ற சோதனை. லைட் கிரேயில் ஒரு நாசில் அடைத்திருந்தாலும் ஒளிப்பகுதியின் அளவீடு முழுக்கக் கெடும். அடித்த பிறகு ஓர் இரவு காய விடுங்கள். பேப்பரின் மேல்பூச்சுக்குள் ஈரம் நிற்கும்வரை அடர்ந்த கட்டங்களின் எண் நிலையாக இராது. மழைக்காலத்தில் இன்னும் கூடுதல் நேரம் கொடுப்பது நல்லது.

அளக்க ஐ1 ப்ரோ, கலர்மங்கி, ஸ்பைடர் பிரிண்ட் போன்ற அளவுமானி எதுவும் போதும். அடியில் அதே பேப்பரில் இரண்டு மூன்று வெற்றுத் தாள்களை வையுங்கள். மேஜையின் நிறம் ஊடுருவாமல் இருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். அளவுமானி கையில் இல்லையென்றால் ஸ்கேனரில் சார்ட்டையும், தெரிந்த அடர்த்தி உள்ள ஸ்டெப் வெட்ஜ் (படிப்படியாகக் கருமை கூடும் பட்டை) ஒன்றையும் சேர்த்து ஸ்கேன் செய்து ஒப்பிடலாம். ஆட்டோ திருத்தம் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்கேனரின் உள்ளொளிச் சிதறல் கருப்பைத் தூக்கிக் காட்டும். அதனால் நமக்கு மிகவும் தேவைப்படும் 85%-க்கு மேலான இருட்டுப் பகுதியில்தான் அது காலை வாரும்.

மேட் பேப்பரில் எப்படிப்பட்ட எல் எண்கள் வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளை 97.0. நடுவில் 45%-க்கு 54.0, 50%-க்கு 49.5, 55%-க்கு 45.2. இருட்டில் 80%-க்கு 23.2, 85%-க்கு 20.0, 90%-க்கு 17.9, 95%-க்கு 16.9, 100%-க்கு 16.4. கடைசி மூன்று எண்களைப் பாருங்கள். 90-இலிருந்து 100 வரை பத்து சதவீத இங்க்குக்கு ஒன்றரை எல்தான் வித்தியாசம். துணி மடிப்பு காணாமல் போன இடம் இதுதான்.

இந்த அளவீட்டை வைத்துப் புரொஃபைல் என்ன செய்கிறது? படத்தில் எல் 50 உள்ள ஒரு முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காமா 2.2-இல் அதன் எண் 118, அதாவது 54% கருப்பு. அப்படியே அனுப்பினால் பேப்பரில் எல் 46 ஆக விழும். நான்கு எல் இருட்டு. புரொஃபைல் வழியாகப் போனால் 49% தான் அனுப்பப்படும், பேப்பரில் 50-ஐ ஒட்டி உட்காரும். நிழலில் எல் 10 உள்ள மடிப்புக்கு 87% போக வேண்டியது 84% ஆகும், பேப்பரில் 19-க்குப் பதில் 21-ஐ ஒட்டி வரும். பேப்பரின் கருப்பு 16.4 என்பதால் மடிப்புக்கும் முழுக் கருப்புக்கும் இடைவெளி 2.8-லிருந்து 4.4 ஆகிறது. சின்ன எண்தான். ஆனால் மடிப்பு தெரிவதும் தெரியாததும் அதில்தான் இருக்கிறது.

அளவீட்டைப் புரொஃபைலாக்க, ராய் ஹாரிங்டனின் குவாட்டோன் ரிப் என்ற பிரிண்ட் மென்பொருள் தொகுப்போடு வரும் கியூடிஆர் கிரியேட் ஐசிசி என்ற சிறு கருவி போதும். கிரே சதவீதம் ஒரு நிரலிலும் லேப் அளவின் எல், ஏ, பி மதிப்புகள் (ஏ, பி இரண்டும் சாயலுக்கு) அடுத்தடுத்த நிரல்களிலும் உள்ள சாதாரண டெக்ஸ்ட் கோப்பை அதில் போட்டால் கிரே புரொஃபைல் வெளியே வரும். எண்கள் வெள்ளையிலிருந்து கருப்புக்கு இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 95%-க்கு 16.6-உம் 100%-க்கு 16.9-உம் வந்தால், அதாவது கடைசியில் திரும்ப வெளுத்தால், அங்கே எண்ணைக் கையால் திருத்தி ஏமாற்ற வேண்டாம். பேப்பர் தாங்குவதற்கு மேல் இங்க் விழுகிறது என்று பொருள். மீடியா வகையை மாற்றுங்கள், அல்லது டிரைவரில் இங்க் அடர்த்தியை 5, 10 என்று குறைத்துச் சார்ட்டை மீண்டும் அடியுங்கள்.

அடுத்தது பலரும் சிக்கிக்கொள்ளும் இடம்: ஏபிடபிள்யூவில் புரொஃபைலை எங்கே போடுவது? ஃபோட்டோஷாப் நிறத்தைக் கவனிக்கும் என்று வைத்தால் மேக்கில் பெரும்பாலும் ஏபிடபிள்யூ தேர்வே மங்கிவிடும். சில இடங்களில் பிரிண்டர் புரொஃபைல் பட்டியலில் கிரே புரொஃபைல் தென்படாது. சுற்றுவழி ஒன்று இருக்கிறது, அது நேர்வழியை விட நம்பகமானது. படத்தின் நகல் ஒன்றை எடுத்து, லேயர்களைத் தட்டையாக்கி, உங்கள் கிரே புரொஃபைலுக்குக் கன்வர்ட் செய்யுங்கள்: ரிலேட்டிவ், பிளாக் பாயிண்ட் டிக்கோடு. பிறகு அதே நகலுக்கு காமா 2.2-ஐ அசைன் செய்யுங்கள். திரையில் படம் வேறு மாதிரி, பெரும்பாலும் வெளுத்துத் தெரியும், பயப்பட வேண்டாம். எண்கள் சரியாக இருக்கின்றன. சார்ட்டை அடித்த அதே சேமிப்பில், அதே வழியில் அடியுங்கள்.

இது ஏன் வேலை செய்கிறது என்றால், சார்ட்டும் காமா 2.2 முத்திரையோடு போனது, படமும் அதே முத்திரையோடு போகிறது. நடுவில் கணினியும் டிரைவரும் என்ன மாற்றம் செய்தாலும் இரண்டுக்கும் ஒரே மாதிரி செய்கின்றன. அந்த மாற்றம் ஏற்கெனவே அளவீட்டுக்குள் அடங்கிவிட்டது. சார்ட் போன பாதையிலேயே படமும் போக வேண்டும்: கிரே புரொஃபைல் வேலையில் இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரிந்து இல்லை. நகலை மூலக் கோப்பின் மேல் மட்டும் சேமித்துவிடாதீர்கள்.

சரிபார்க்க, அந்த 21 கட்டச் சார்ட்டையே ஒரு படமாக எண்ணிப் புரொஃபைல் வழியாக மாற்றி அடித்து, காயவிட்டு, அளந்து பாருங்கள். முன்பு ஒட்டிக் கிடந்த இருட்டுக் கட்டங்கள் பிரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 50% கட்டம் 49.5-லிருந்து 54-ஐ ஒட்டி ஏறியிருக்கும். எதிர்பார்த்த மதிப்பிலிருந்து ஒரு எல்லுக்குள் நின்றால் நல்ல புரொஃபைல். இன்னும் இருட்டாகவே இருந்தால் கன்வர்ட் நடக்கவில்லை. மிகவும் வெளுத்திருந்தால் இரண்டு முறை நடந்திருக்கிறது. குவாட்டோன் ரிப் வழியாகவே அடிப்பவர்கள் கவனிக்க: அங்கே இங்க் வளைவையே லீனியராக்கும், அதாவது டோன் படிகளைச் சீராக்கும் வசதி உண்டு. ஐசிசி செய்ய எடுத்த அளவீட்டையே அங்கேயும் கொடுத்துவிட்டு, பழைய ஐசிசியையும் வைத்துக்கொண்டால் திருத்தத்தின் மேல் திருத்தம் ஏறிப் படம் சோகை பிடிக்கும். வளைவை லீனியராக்கினால் அதன் பிறகு புதிதாக அளந்து புதிய புரொஃபைல் செய்யுங்கள்.

புரொஃபைல் கையில் வந்ததும் அதன் இரண்டாவது பயனையும் எடுத்துக்கொள்ளுங்கள்: சாஃப்ட் ப்ரூஃப், அதாவது பிரிண்ட் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே பார்ப்பது. ஃபோட்டோஷாப்பில் ப்ரூஃப் செட்டப், கஸ்டம், உங்கள் புரொஃபைல். எண்களை அப்படியே வைக்கும் தேர்வு அணைந்திருக்கட்டும். பேப்பர் நிறத்தைக் காட்டும் தேர்வைப் போட்டதும் படம் சட்டென்று உயிரிழந்தது போலத் தெரியும். கண் திரையின் வெள்ளையோடு ஒப்பிடுவதால் வரும் அதிர்ச்சி அது. முழுத்திரையில், சாம்பல் பின்னணியில், வெள்ளைப் பட்டைகள் எதுவும் கண்ணில் படாமல் ஒரு நிமிடம் பாருங்கள், கண் பழகிவிடும். இப்போது தெரிவதுதான் பேப்பர். இங்கே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு நடுடோனின் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் கூட்டலாம். புரொஃபைல் உங்கள் டோன்களை நேர்மையாகச் சுருக்குகிறது. எந்த டோன் முக்கியம் என்பது அதற்குத் தெரியாது. முகத்துக்கு இடம் கொடுக்க வானத்தை விட்டுக்கொடுப்பது உங்கள் தீர்மானம். அந்தத் தீர்மானத்தைப் புரொஃபைலுக்குள் திணிக்காதீர்கள், படத்தின் லேயரில் வையுங்கள். எல்லாம் 16 பிட்டில் நடக்கட்டும். 8 பிட்டில் இத்தனை மாற்றங்களுக்குப் பிறகு மென்மையான வானத்தில் பட்டை விழும்.

சாயல் பற்றிச் சுருக்கமாக. ஏபிடபிள்யூவில் வார்ம் பக்கம் லேசாக நகர்த்தினால் டோன் வளைவு பெரிதாக மாறாது, அதே புரொஃபைல் ஓடும். செபியா அளவுக்குப் போனால் புதிதாக அளக்க வேண்டும். பளபளப்புப் பேப்பரில் பி900 தரும் கார்பன் பிளாக் முறையைப் போட்டாலும் அப்படியே, கருப்பின் ஆழமே மாறிவிடுகிறது. நீண்ட நாள் நிற்க வேண்டிய பிரிண்ட் என்றால் சற்று வெதுவெதுப்பான சாயலே என் தேர்வு. கார்பன் கருப்பு இயல்பிலேயே வெதுவெதுப்பானது. அதை நடுநிலையாக்கச் சேர்க்கும் நிற இங்க்தான் முதலில் மங்கும்.

பேப்பர் வாங்கும்போது அதை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஆப்டிகல் பிரைட்னர் எவ்வளவு என்று கேளுங்கள். பிரைட்னர் நிறைந்த பேப்பர் புற ஊதா உள்ள வெளிச்சத்தில் நீலம் பூத்துத் தெரியும். புற ஊதா இல்லாத சாதாரண எல்இடி விளக்கின் கீழ் அந்த நீலம் அடங்கி மஞ்சளாகத் தெரியும். சாயல் பிரிண்டரால் மாறுகிறது என்று நினைத்து டிரைவரைத் திருகிக்கொண்டே இருப்போம், குற்றவாளி பேப்பராக இருக்கும்.

பேப்பரின் புதிய கட்டு, புதிய டிரைவர், இயங்குதளத்தின் புதுப்பிப்பு: இந்த மூன்றுக்கும் பிறகு அளவு நகரலாம். முழுச் சார்ட்டையும் ஒவ்வொரு முறையும் அடிக்கத் தேவையில்லை. வெட்டி எறியப்போகும் ஓரத்தில் 0, 25, 50, 75, 90, 100 என்று ஆறு சிறு கட்டங்களைப் படத்தோடேயே அடியுங்கள். படத்தைக் கன்வர்ட் செய்து அசைன் செய்த பிறகு இவற்றை ஒட்டுங்கள், அப்போதுதான் மாறாத எண்களோடு போகும். அளந்து, முதல் சார்ட்டின் எண்களோடு ஒப்பிடுங்கள். 50% கட்டம் இரண்டு எல்லுக்கு மேல் நகர்ந்திருந்தால் முதலில் நாசில் செக், அடுத்து டிரைவர் சேமிப்பில் ஏதாவது தானாக மாறியிருக்கிறதா என்ற சோதனை. இரண்டும் சரி என்றால்தான் 21 கட்டங்களையும் மீண்டும் அடித்து அளக்க வேண்டும்.